சுப்பரின் வாடகைச் சொந்தங்கள்

ரொறன்ரோவில் அடைத்துக்கொண்ட குசினிக் குழாயைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். குழாயைத் திறந்துகொண்டே தன் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன்வரை வரிசையாகப் பெயர் சொல்லிப் பாடக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கட்டடத்தின் சுப்பர்.

அஜக்ஸில் வீடு வாங்கி, 401 நெடுஞ்சாலையில் தினமும் என் ஆயுளைத் தொலைக்கத் தொடங்குவதற்கு முன்னால், வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருந்தோம். அடுக்குமாடியில் வாழாத பாக்கியசாலிகளுக்கு ஒரு சிறு விளக்கம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரின்ரென்டன்ரைத்தான் எல்லோரும் சுப்பர் என்போம். ஹீற்றர் நின்றால் அவர். லிஃப்ட் நின்றால் அவர். மேல் வீட்டில் ஞாயிறு காலையில் உரலில் இடிக்கிறார்கள் என்று கீழ் வீட்டார் முறைப்பாடு செய்தால் அதற்கும் அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எங்கள் சுப்பர் நெடிய, ஒல்லியான மனிதர். கோப்பிக்குப் பால் கொஞ்சமாக விட்டது போன்ற நிறம், பஞ்சு போன்ற சுருட்டை நரை. நீல நிற வேலை உடுப்புக்குள்ளே வெள்ளைச் சேர்ட்டும் கழுத்தில் ரையும் கட்டியிருப்பார். கழிவறை திருத்த வரும்போதும் ரை உண்டு. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னொருத்தர் வீட்டுக்குள்ளை போறன் எல்லே? அம்மா கண்டா ஏசுவா" என்றார். அம்மா இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்பது அவருடைய ரைக்குத் தெரியாது.

அவர் வேலைக்கு வந்த முதல் கிழமையே குலம் அண்ணையிடம் அகப்பட்டுவிட்டார். குலம் அண்ணை கோண்டாவில்காரர், ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். கட்டடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் லிஃப்டுக்குள் வைத்து விசாரித்து, தன்னுடைய மாடி வருவதற்குள் அவர்களுடைய ஊர், ஒழுங்கை, படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். அன்று நானும் லிஃப்டில் இருந்தேன். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் சுப்பர் பேசியதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே நினைவில் நிற்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீங்கள் எவடம்?"

"கார்டிஃப். வேல்ஸ் நாடு."

"அதில்லை. சொந்த இடம்?"

"கார்டிஃப் துறைமுகத்தடி."

"அது சரி. அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் நான் பிறக்கேல்லை."

லிஃப்ட் குலம் அண்ணையின் மாடியில் நின்றது. அவர் இறங்கவில்லை. ஒரு மனிதனைப் பாதி விசாரணையில் விட்டுவிட்டு இறங்குவது அவருடைய சுபாவத்தில் இல்லை. சுப்பரோடு கீழே போய், மறுபடி மேலே வந்து, மறுபடி கீழே போனார். எனக்கு வேலைக்குப் பிந்திவிட்டது. ஆனாலும் நான் இறங்கவில்லை.

கதை இதுதான். சுப்பருடைய அப்பா சோமாலியாக் கரையிலிருந்து ஏடன் துறைமுகம் போய், வெள்ளைக்காரனுடைய கப்பலில் ஏறியவர். கப்பலின் அடித்தட்டில் உலைக்கு நிலக்கரி அள்ளிப் போடுவது அவருடைய வேலை. கப்பல் கார்டிஃப்பில் நின்ற ஒரு குளிர்காலத்தில் சோமாலி மாலுமிகள் தங்கும் விடுதியில் இறங்கினார். பக்கத்து லோண்ட்ரியில் வேலை செய்த மேகன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டார். பிறகு அவர் கப்பலுக்குப் போனாலும் திரும்பி அந்தத் தெருவுக்கே வந்தார். சோமாலியர், யேமன்காரர், மால்ட்டாக்காரர், மேற்கிந்தியர் எல்லோரும் அடுத்தடுத்த கதவில் குடியிருந்த தெரு அது. கொழும்புக் கொட்டாஞ்சேனையைக் கொண்டுபோய்க் குளிருக்குள் வைத்ததுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் சுப்பரைப் போலத்தான்: அப்பா கடலால் வந்தவர், அம்மா மலையால் வந்தவர்.

மேகனுடைய அப்பா சுரங்கத்தில் நிலக்கரி தோண்டுபவர். "அம்மாவின்ரை அப்பா கரியைத் தோண்டினார். என்ரை அப்பா அதை எரிச்சார். ரெண்டு பேரும் ஒருநாளும் சந்திக்கேல்லை" என்று சுப்பர் சொல்வார். சந்திக்காததற்குக் காரணம் இருந்தது. மகள் சோமாலிக்காரனைக் கட்டிய அன்றைக்கே கிழவர் கதவைப் பூட்டிவிட்டார். சாகும்வரை திறக்கவில்லை.

இனி அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒருவனை எடைபோட அவனுடைய ஊரைக் கேட்கிறோம். சோமாலியர் கேட்பது வேறு. உன் அப்பா யார், அவருக்கு அப்பா யார், அவருக்கு யார் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். சிறுபிள்ளையிலேயே அந்த வரிசை முழுவதையும் மனப்பாடமாக்கிவிடுவார்கள். சுப்பருடைய அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். உலைப் புகை தின்ற நெஞ்சு, மகனுக்கு நாலு பெயர் பாடமானதோடு அவர் போய்விட்டார்.

மிச்சத்தை மேகன் சொல்லிக்கொடுத்தார். கணவர் மகனுக்கு முழு வரிசையையும் சொல்லிக்காட்டியதை அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு அவருக்கு வரிசை முழுவதும் பாடமாகியிருந்தது. சோமாலி மொழியில் ஒரு வசனம் தெரியாத பெண் அத்தனை பெயரையும் நினைவில் வைத்திருப்பது எப்படி? அவர் தனக்குத் தெரிந்த வழியைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடும் ஒரு பாட்டின் மெட்டை எடுத்து, அதற்குள் கணவருடைய பாட்டன்மாரை ஒவ்வொருவராக உட்காரவைத்துவிட்டார். வார்சமே, ஃபாரா, ரோப்லே, எல்மி, குலேத் என்று முஸ்லிம் பெரியவர்கள் எல்லோரும் வேல்ஸ் நாட்டுக் கோயில் மெட்டில் ஏறி இறங்குவார்கள்.

வரிசை முடிந்த இடத்தில் மெட்டு முடியவில்லை. இரண்டு பேருக்கு இடம் மிச்சம் இருந்தது. மேகன் அங்கே தன்னுடைய அப்பா இவானையும் அவருடைய அப்பா கிரிஃபித்தையும் போட்டுவிட்டார்.

"கதவைப் பூட்டினவரை ஏன் சேர்த்தவ?" என்று குலம் அண்ணை கேட்டார்.

"நானும் கேட்டனான். 'கதவைத்தானே பூட்டினவர், அப்பா இல்லாமல் போயிட்டாரோ?' எண்டு சொன்னவ."

குலம் அண்ணை விசாரணை முடிந்தது என்பதற்கு அடையாளமாக அடுத்த மாடியில் இறங்கிவிட்டார். அது அவருடைய மாடி அல்ல.

அதன்பிறகு சுப்பர் எங்களில் ஒருவராகிவிட்டார். எங்கள் கட்டடத்தில் தாளிதம் நடக்காத நேரமில்லை. ஆகவே புகை அலாரம் அடிக்காத நாளும் இல்லை. அலாரம் அடித்தால் சுப்பர் ஒரு துவாயோடு ஓடிவருவார். துவாயை ஹெலிகொப்டர் போலத் தலைக்குமேல் சுழற்றுவார். புகை அடங்கியதும் துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்வார். எழும்ப மாட்டார். பொரித்தது எதுவோ அது அவருக்கு முன்னால் வைக்கப்பட வேண்டும். பூமணி அன்ரி, அதாவது குலம் அண்ணையின் மனைவி, அவருக்கு மோதகம் கொடுக்க நினைத்தால் தொலைபேசியில் அழைப்பதில்லை. எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்குவார்.

கீழ்த்தளத்தில் இருந்த பழைய கொதிகலனிடம் அவர் காட்டிய மரியாதையைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். காலையில் அதற்கு வணக்கம் சொல்வார். அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். குளிர்காலத்தில் எங்களில் யாராவது வீட்டுக்குள் ஜக்கெற் போட்டிருப்பதைக் கண்டால் அவருடைய முகம் வாடிவிடும். "என்ரை அப்பா கப்பல் முழுக்கச் சூடாக்கினவர். என்னாலை ஒரு கட்டடம் ஏலாதோ?" என்று கீழே ஓடுவார். அந்த மாதங்களில் நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பெனியனோடு இருந்தோம்.

ஒருமுறை வேல்ஸ்காரர்கள் கூடும் ஒரு விருந்துக்கு ஆசையோடு போனார். வாசலில் ஒருவர் அவரைப் பார்த்ததும் தன்னுடைய கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பின்னால் வந்தவர்களும் கொடுத்தார்கள். சுப்பர் கோபப்படவில்லை. எல்லாக் கோட்டையும் ஒழுங்காகக் கொழுவிவிட்டு உள்ளே போனார், மேசையில் அமர்ந்தார், பாட்டு நேரம் வந்ததும் எல்லாரையும்விடப் பலமாகப் பாடினார். திரும்பி வந்து சொல்லும்போது சிரித்தார். எங்களுக்குத்தான் கோபம் வந்தது.

மறுபக்கம் சோமாலி டாக்ஸிக்காரர்கள். முகத்தைப் பார்த்ததும் சோமாலியில் பேசுவார்கள். இவர் விழிப்பார். "நீ யாருடைய மகன்?" என்பார்கள். இவர் பாடத் தொடங்குவார். ஒரு டாக்ஸிக்காரருக்கு, எக்லிங்டன் வீதியில் காரை ஓரம் கட்டிவிட்டு, ஸ்ரியரிங்கில் தலையை வைத்துச் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்ததாம். இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்று சந்தேகித்தார்கள். ஒரு பக்கமும் நிச்சயமாகச் சொல்லவில்லை. சோமாலியர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை அவர் அதோடு விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரே மகள், நெரிஸ். அவளுடைய சின்னவயதிலேயே தாய் காலமாகிவிட்டார். மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்று அலுத்திருந்த பூமணி அன்ரி அவளை அப்படியே எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேரே அவர்கள் வீட்டுக்குத்தான் வருவாள். "அன்ரி, சொதி இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று அவள் கேட்பதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டால் யாழ்ப்பாணத்து இணுவில் பிள்ளை என்றுதான் நினைப்பீர்கள். வளர்ந்து நேர்ஸ் ஆனாள். வேலைசெய்த இடத்தில் எக்ஸ்ரே எடுக்கும் யூசுஃப் என்ற சோமாலிப் பையனை விரும்பினாள்.

பையன் தங்கம். பையனுடைய வீட்டார் எட்டோபிக்கோவில் இருந்தார்கள். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணுடைய அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. யாரோ ஒரு சுப்பராம், ரை கட்டுவாராம், சோமாலி தெரியாதாம், வம்சம் கேட்டால் தேவாலயப் பாட்டுப் பாடுவாராம். டாக்ஸிக்காரர்கள் கதையைக் கொண்டுபோகாத இடம் எது? யூசுஃபின் குடும்பத்துப் பெரியவர்கள் பெண் கேட்டு வருவதாகவும், அப்போது பெண்ணின் தகப்பனுடைய வழியை விசாரித்துவிட்டுத்தான் முடிவு சொல்வதாகவும் செய்தி வந்தது.

"அவை ஓம் சொல்லாட்டிலும் I'm marrying him" என்று நெரிஸ் பூமணி அன்ரியிடம் சொன்னாள். "ஆனால் அப்பாவை ஒருத்தரும் நக்கலடிக்கக் கூடாது அன்ரி. He'll just smile, and I can't watch that." சொல்லும்போது அவளுடைய கண் நிறைந்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பையன் பக்கத்தில் ஆண்கள் கூட்டமாக வருவார்கள். பெண் பக்கத்திலும் ஆண் சொந்தங்கள் அமர்ந்திருக்க வேண்டும். அது அவர்களுடைய வழக்கம். சுப்பருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கார்டிஃப்பில் இருந்த ஒன்றுவிட்டவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

லோண்ட்ரி அறையில் குலம் அண்ணையும் நானும் மன்னாரைச் சேர்ந்த மரியதாஸும் உடுப்பு உலருவதற்காகக் காத்திருந்தபோது சுப்பர் வந்து நின்றார். ரையைச் சரிசெய்தார்.

"எனக்குக் கொஞ்சம் ஆம்பிளைச் சொந்தம் வேணும். ஞாயிற்றுக்கிழமைக்கு."

யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் குலம் அண்ணை உலர்த்தியை நிற்பாட்டிவிட்டு எழுந்தார். அவருக்கு ஒரு கல்யாணக் காரியம் கிடைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"என்ன முறை எண்டு சொல்லப் போறியள்?"

"தம்பிமார் எண்டு."

"நான் உம்மை விட மூப்புக் காணும். என்னை அண்ணை எண்டு சொல்லும். இல்லாட்டி நான் வரேல்லை."

அந்த நிமிடத்திலேயே குடும்பத்துக்குள் மூப்புத் தகராறு வந்துவிட்டது, ஆகவே நாங்கள் உண்மையான சொந்தக்காரர்கள்தான் என்று மரியதாஸ் சொன்னான். குலம் அண்ணை மூத்தவர், சுப்பர் அடுத்தவர், மரியதாஸ் மூன்றாவது, நான் கடைக்குட்டி என்று தீர்மானமானது. குலம் அண்ணை வேட்டி கட்டுவதா வேண்டாமா என்று ஒரு விவாதம் நடந்தது. "அவையளும் வீட்டிலை சாரம்தான் கட்டுறவை" என்று மரியதாஸ் எங்கேயோ கேட்டுவந்து சொன்னான். வேட்டி நிறைவேறியது. லோறன்ஸ் வீதி ஹலால் கடையில் ஆட்டிறைச்சி வாங்கி ரோல்ஸ் செய்வது பூமணி அன்ரியின் பொறுப்பு. வெற்றிலைத் தட்டு வேண்டாம் என்று குலம் அண்ணையைத் தடுத்து நிறுத்துவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சனிக்கிழமை யூசுஃப் தனியாக வந்தான். பாவம், பயந்துபோயிருந்தான்.

"Uncle, please. பாடாமல் சொல்லுங்கோ, just say it. மற்றது, அந்தக் கடைசி ரெண்டு பேர், they're not... அவையை விட்டிடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது." அவன் ஆங்கிலத்தில் கெஞ்சியதையும் என் காது இப்படித்தான் வாங்கிக்கொண்டது.

சுப்பர் தலையாட்டினார். "ஓம். மகளுக்காக விடுறன்" என்றார். ஆனால் பாடாமல் சொல்வது சொல்வதுபோல லேசாக இருக்கவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை ராகமில்லாமல் சொல்லிப் பாருங்கள், தெரியும். மெட்டை எடுத்துவிட்டால் நாலாம் பெயரோடு அவருக்கு வழி மறந்துபோகிறது. முதல் நாலும் அப்பா பேச்சாகச் சொல்லிக்கொடுத்தவை, மிச்சம் முழுக்க அம்மாவின் பாட்டு. சனிக்கிழமை முழுவதும் லிஃப்டில், படிக்கட்டில், குப்பை அறையில் வார்சமே, ஃபாரா என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். அன்றைக்கு ஒருவர் வீட்டிலும் அலாரம் அடிக்காதபடி எல்லோரும் இடியப்பத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஞாயிறு மத்தியானம் கட்டடத்தின் பார்ட்டி ஹோலில் இரண்டு வரிசையாகக் கதிரைகள் போட்டோம். அவர்கள் வந்தார்கள். கோட்டும் தொப்பியும் தோளில் சால்வையுமாகக் கம்பீரமான மனிதர்கள். அவர்களுக்குத் தலைவர் மருதாணி போட்ட சிவப்புத் தாடிப் பெரியவர் ஒருவர், கையில் பிடி வைத்த தடி. ஆங்கிலம் அவருக்கு விளங்கும், ஆனால் பேசுவது சோமாலிதான். யூசுஃபின் சித்தப்பா மொழிபெயர்த்தார். குசினிக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதற்குப் பின்னால் நெரிஸும் பூமணி அன்ரியும் நிற்பது எங்களுக்குத் தெரியும்.

சலாம் சொல்லி, நலம் கேட்டு, ரோல்ஸ் ஒரு சுற்று வந்தது. பெரியவர் எங்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"இவையள் ஆர்?"

"என்ரை சகோதரங்கள்" என்றார் சுப்பர்.

பெரியவர் குலம் அண்ணையின் வேட்டியையும் திருநீற்றையும், மரியதாஸின் கழுத்துச் சிலுவையையும் பார்த்தார். "எந்த வழியிலை?"

சுப்பர் வாயைத் திறப்பதற்குள் குலம் அண்ணை, "ஒரே கட்டடம்" என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் அதை மறுக்கவில்லை. மரியாதையாகத் தடியைக் குலம் அண்ணையின் பக்கம் நீட்டி, அவருடைய வழியைக் கேட்டார். குலம் அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "நாகலிங்கம் மகன் குலசிங்கம்."

"நாகலிங்கம் ஆருடைய மகன்?"

"சின்னத்தம்பி."

"சின்னத்தம்பி?"

குலம் அண்ணை கூரையைப் பார்த்தார். ஊரையே லிஃப்டில் விசாரித்த மனிதர், கொள்ளுப்பாட்டன் பெயர் தெரியாமல் நின்றார். "அது வந்து... எங்கடை வீடு கோண்டாவில் டிப்போவுக்குப் பின்பக்கம்" என்றார். சித்தப்பா இதையும் மொழிபெயர்த்தார். பெரியவருடைய முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. இரண்டே முன்னோரோடு இந்தக் குளிர்தேசத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்களே என்று நினைத்திருப்பார். மரியதாஸிடமும் என்னிடமும் அவர் கேட்கவே இல்லை. எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பிறகு சுப்பரின் முறை. எழுந்து நின்றார். ரையைத் தொட்டுப் பார்த்தார். தன் பெயரைச் சொல்லி, அப்பா பெயரைச் சொல்லி, பேச்சாகவே தொடங்கினார். வார்சமே. ஃபாரா. ரோப்லே. அங்கே நின்றது.

அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி ரோப்லேயில் நின்றது. எதிர்வரிசையில் ஓர் இளைஞர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். சுப்பர் அந்தப் புன்னகையைச் சிரித்தார், எந்தப் புன்னகையைப் பார்க்க முடியாது என்று நெரிஸ் அழுதாளோ அதை. எனக்கு அந்த இளைஞரை எழுந்துபோய் அடிக்க வேண்டும் போலிருந்தது. குலம் அண்ணை வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்:

"பாடும் காணும்."

சுப்பர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

வயதான குரல்தான், ஆனால் கோயிலில் பழகிய குரல். ஹோல் நிறைந்துவிட்டது. எல்மி வந்தார், குலேத் வந்தார், சமதர் வந்தார். குனிந்திருந்த இளைஞர் தலையை நிமிர்த்தினார். சிவப்புத் தாடிக்குள் பெரியவருடைய உதடுகள் அசையத் தொடங்கின. ஓரிடத்தில் அவருடைய கை தானாக உயர்ந்தது. அங்கிருந்து மேலே இருந்த பெயர்கள் அவருக்கும் பாட்டன்மார். இரண்டு வழியும் அந்தப் பெயரில் வந்து சேர்ந்துவிட்டன. மிச்சப் பெயர்களை அவர் மெதுவாக, மெட்டில்லாமல், சுப்பரோடு சேர்ந்தே சொன்னார்.

வரிசை முடிந்தது. சுப்பர் நிறுத்தினார். யூசுஃபின் சித்தப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. சுப்பர் அமர வேண்டியதுதான் பாக்கி.

அவர் அமரவில்லை. குசினிக் கதவைப் பார்த்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இன்னும் ரெண்டு பேர் இருக்கினம்" என்றார். இவானையும் கிரிஃபித்தையும் பாடி, மெட்டை அதனுடைய இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் அமர்ந்தார்.

"ஆர் இவையள்?" என்றார் பெரியவர்.

சுப்பர் எல்லாவற்றையும் சொன்னார். சுரங்கம், பூட்டிய கதவு, அம்மா, அடுப்படி, எதையும் மறைக்கவில்லை. சித்தப்பா விருப்பமில்லாமல் மொழிபெயர்த்தார். பெரியவர் தடியின் பிடியில் தாடையை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு கணக்குக் கேட்கும் குரலில் ஒன்று கேட்டார். அதை மொழிபெயர்க்கும்போதே சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உம்முடைய வரிசைப்படி இவை ரெண்டு பேரும்தானே எல்லாருக்கும் மேலை நிக்கினம்? அப்பிடியெண்டால் எங்கடை வம்சம் முழுக்க உந்த நிலக்கரிக்காரனுக்குப் பிறந்ததோ?"

சுப்பர் இதை ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை என்பது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. பெரியவருடைய தாடி முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு தடி. எதிர்வரிசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. நக்கல் இல்லாத சிரிப்பு. குசினிக்குள்ளும் யாரோ சிரித்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சிரிப்பு அடங்கியதும் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ரை பேரப்பிள்ளையளுக்கு நாலு பேருக்கு மேலை சொல்லத் தெரியாது. எங்கடை பாஷை தெரியாத ஒரு பொம்பிளை எங்கடை ஆக்களிலை ஒருத்தரைக்கூடத் தவறவிடேல்லை. அவவின்ரை பேர் என்ன?"

"மேகன்" என்றார் சுப்பர்.

"மேகன்" என்று பெரியவர் சொன்னார். தன்னுடைய முன்னோர் பெயரைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். சுப்பர் எழுந்து ஜன்னலடிக்குப் போய், நன்றாக இருந்த ஹீற்றரின் குமிழைத் திருத்தத் தொடங்கினார்.

வழக்கப்படி பெண்ணைக் கேட்க வேண்டியது மூத்தவரிடம். பெரியவர் எழுந்து, குலம் அண்ணைக்கு முன்னால் வந்து நின்று, "உங்கடை பிள்ளையை எங்கடை பிள்ளைக்குத் தருவியளோ?" என்று கேட்டார். இதற்காகக் குலம் அண்ணை ஓர் ஆங்கில வசனத்தை இரண்டு நாளாகப் பாடமாக்கியிருந்தார். அது ஒன்றும் வாயில் வரவில்லை. பெரியவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்:

"நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ ஐயா. எங்களுக்கும் உவள் ஒருத்திதான்."

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு அவரை அணைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஹோலைத் துப்புரவாக்கினோம். சுப்பர் ரையைத் தளர்த்திவிட்டிருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை. நீளமேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நாளைக்கும் இந்தச் சொந்தம் இருக்குமோ, இல்லை இண்டைக்கு மட்டும்தானோ?"

நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். "மேசையைத் தூக்குங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. யாராவது கேட்டால், ஒருவர் இருக்கிறார், எட்டோபிக்கோவில் மகளோடு இருக்கிறார் என்றுதான் இப்போதும் சொல்லிவருகிறேன்.